பதினாறைத் திறந்து வையுங்கள்: கடல் வயர்லெஸ் பற்றிச் சில கேள்விகள்

கப்பலில் ரேடியோ ஆபீஸராக இருந்து ஓய்வு பெற்று, இப்போது கோட்டையூரில் இருக்கிறேன். செட்டிநாட்டில் உட்கார்ந்துகொண்டு கடலைப் பற்றிப் பேசுகிறானே என்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். தேவகோட்டையிலிருந்து திருவாடானை வழியாக வண்டியை விட்டால் தொண்டி. அறந்தாங்கி தாண்டினால் கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம். கேள்விகளும் அங்கிருந்தெல்லாம் வந்திருக்கின்றன.

கேள்வி: நாங்கள் நாலைந்து பேர் சேர்ந்து தொண்டியில் ஒரு ஃபைபர் படகு வாங்கியிருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமைகளில் தூண்டில் போடத்தான். எல்லாரிடமும் செல்போன் இருக்கிறது. தனியாக வயர்லெஸ் வேண்டுமா, அண்ணே? (காரைக்குடி)

வேண்டும். கரையை விட்டுக் கொஞ்சம் விலகினாலே டவர் போய்விடும் என்பது எல்லாருக்கும் தெரிந்த காரணம். நான் சொல்வது வேறு. போனில் ஒரே ஒருவரைத்தான் கூப்பிட முடியும். அவர் எடுக்க வேண்டும், எடுத்தாலும் அவர் கரையில் இருப்பார். நம் ஊர் வீட்டு வளவில் நின்று ஒருவர் குரல் கொடுத்தால் சுற்றியுள்ள அத்தனை அறைக்கும் கேட்கும் அல்லவா? நீங்கள் கேட்கும் வயர்லெஸ், அதாவது வி.எச்.எஃப். கடல் ரேடியோ, அப்படி. யார் உங்களுக்கு அருகில் இருக்கிறார் என்று உங்களுக்கே தெரியாது. ஆனால் அவருக்குக் கேட்கும். கடலில் முதலில் வந்து சேர்வது பெரும்பாலும் பக்கத்துப் படகுதான். தேடி வருகிற கப்பலில் திசைகாட்டும் ஏரியல் இருந்தால், நீங்கள் பேசும் அலையை வைத்தே உங்கள் பக்கம் திரும்பவும் முடியும்.

உங்கள் மாதிரிப் படகுக்குக் கையடக்க செட் போதும். 5 அல்லது 6 வாட், தண்ணீர் புகாதது, விழுந்தால் மிதப்பது. ஐ.பி.எக்ஸ். 7 என்று போட்டிருந்தால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் தாங்கும் என்று பொருள். அதை லைஃப் ஜாக்கெட்டில் கட்டி வையுங்கள், பெட்டிக்குள் அல்ல. படகு கவிழும்போது பெட்டி உங்களோடு வராது. (லைஃப் ஜாக்கெட் இருக்கிறது, இல்லையா? இல்லையென்றால் முதலில் அதை வாங்குங்கள், அப்புறம் ரேடியோ.)

போனை வேண்டாம் என்று சொல்லவில்லை. கடலோரக் காவல் படையின் 1554 என்ற எண்ணை எல்லாருடைய போனிலும் ஏற்றி வையுங்கள். கட்டணம் கிடையாது. டவர் இருக்கும் வரை அதுவும் ஒரு வழி.

கேள்வி: நம்ம விசைப்படகில் 25 வாட் செட் இருக்கிறது. ஆனாலும் ஏழெட்டு மைலுக்கு மேல் பேச்சு எடுபடவில்லை. பவர் கூட்டுகிற கருவி ஏதாவது மாட்டலாமா? (ஜெகதாப்பட்டினம், படகு உரிமையாளர்)

மாட்டாதீர்கள், சம்மாட்டி. காசுக்கும் நஷ்டம், சட்டப்படியும் தப்பு. கடல் வி.எச்.எஃப்.புக்கு உச்ச அளவே 25 வாட்தான்.

இந்த அலை கிட்டத்தட்ட நேர்கோட்டில் போகும். பூமி வளைகிறது, அதனால் தூரத்துப் படகு வளைவுக்குக் கீழே இறங்கிவிடுகிறது. அங்கே பவர் ஒன்றும் செய்யாது, உயரம்தான் பேசும். கணக்கு எளிது: ஏரியல் தண்ணீருக்கு மேல் எத்தனை மீட்டர் என்று பாருங்கள், அதன் வர்க்கமூலத்தை 2.2-ஆல் பெருக்குங்கள். வருவது கடல் மைல். எதிர்ப்பக்கத்துக்கும் அதேபோல் போட்டு இரண்டையும் கூட்டுங்கள். உங்கள் ஏரியல் 4 மீட்டர் என்றால் 4.4 மைல். எதிர்ப்படகும் அப்படியே என்றால் மொத்தம் 9 மைலுக்குச் சற்றுக் குறைவு. நீங்கள் சொன்ன ஏழெட்டு மைல் கணக்குக்குச் சரியாகத்தான் வருகிறது. செட்டில் கோளாறு இல்லை! இருவரும் 9 மீட்டருக்கு ஏற்றினால் 13 மைல். கரையில் 100 மீட்டர் கோபுரத்தில் ஏரியல் இருந்தால் அது ஒன்றே 22 மைல் தரும். அதனால்தான் படகுக்குப் படகு கேட்காதபோதும் கரை நிலையத்துக்குக் கேட்கலாம்.

கையடக்க செட்டை உட்கார்ந்தபடி பேசுகிறவர்களுக்கும் இதே கணக்குதான். எழுந்து நின்று பேசுங்கள்.

கேள்வி: என் மகன் படகில் போகிறான். ஆபத்து என்றால் ரேடியோவில் என்ன சொல்ல வேண்டும் என்று தெளிவாக எழுதுங்கள் ஐயா. சுவரில் ஒட்டி வைப்பேன். (தேவகோட்டை, ஒரு ஆச்சி)

சுவரில் வேண்டாம் ஆச்சி, படகில் செட்டுக்குப் பக்கத்தில் ஒட்டச் சொல்லுங்கள். பதற்றத்தில் சொந்தப் பெயரே மறந்துபோகும், அப்போது எழுத்துதான் உதவும்.

செட்டை சேனல் 16-இல் (ஆபத்துக்கும் கூப்பிடுவதற்கும் எல்லாரும் கேட்கும் பொதுச் சேனல்) வைத்து, பவரை 25-க்கு ஏற்றி, பொத்தானை அழுத்தி ஒரு நொடி பொறுத்து, இப்படி:

"மேடே, மேடே, மேடே. திஸ் இஸ்" என்று சொல்லிப் படகின் பெயர் மூன்று முறை. மறுபடி "மேடே", படகின் பெயர் ஒரு முறை, பதிவு எண். பிறகு இருக்கும் இடம்: "9 டிகிரி 44 நிமிடம் வடக்கு, 79 டிகிரி 9 நிமிடம் கிழக்கு. தொண்டிக்குக் கிழக்கே 8 கடல் மைல்." அப்புறம் என்ன ஆபத்து: "தண்ணீர் ஏறுகிறது, மூழ்குகிறோம்." என்ன உதவி வேண்டும், எத்தனை பேர், படகின் நிறம், லைஃப் ஜாக்கெட் உண்டா. கடைசியில் "ஓவர்". பொத்தானை விட்டுவிட வேண்டும். விடாமல் பிடித்துக்கொண்டே இருந்தால் யார் பதில் சொன்னாலும் காதில் விழாது. பயத்தில் பலர் செய்வது இதைத்தான்.

இடத்தைத்தான் முதலில் சொல்ல வேண்டும், கதையை அல்ல. பாதியில் பேட்டரி போனாலும் எங்கே என்று தெரிந்திருக்கும். எண்களை ஒவ்வொன்றாகச் சொல்வது நல்லது, 44 என்றால் "ஃபோர், ஃபோர்."

மொழி? கப்பல்களுக்கும் கடலோரக் காவல் படைக்கும் ஆங்கிலம் பொது. பக்கத்துப் படகு தமிழ்தான். முதல் மூன்று "மேடே"யும் ஜி.பி.எஸ். எண்களும் ஆங்கிலத்தில், மீதியைத் தமிழிலும் திரும்பச் சொன்னால் இரண்டு பக்கமும் புரியும். இலக்கணம் பார்க்க வேண்டாம்.

உயிருக்கோ படகுக்கோ உடனடி ஆபத்து இருந்தால்தான் மேடே. எஞ்சின் நின்றுவிட்டது, காற்று இல்லை, நங்கூரம் பிடித்திருக்கிறது என்றால் "பான் பான்" மூன்று முறை. மிதந்து வரும் மரம், விளக்கில்லாத படகு என்று மற்றவர்களை எச்சரிக்க "செக்யூரிட்டே" மூன்று முறை.

கேள்வி: அடுத்தவர் மேடே சொல்வது நம் காதில் விழுந்தால்?

வாயை மூடுங்கள். பேனாவை எடுத்து அவர் சொன்ன இடத்தை எழுதுங்கள். கரை நிலையம் பதில் சொல்கிறதா என்று கொஞ்ச நேரம் கேளுங்கள். ஒருவரும் பதில் தரவில்லை என்றால் நீங்கள் பதில் கொடுத்து, "மேடே ரிலே" என்று மூன்று முறை சொல்லி, அவர் பெயரிலேயே செய்தியைக் கரைக்குக் கடத்துங்கள். உங்கள் ஏரியல் உயரம் அவருடைய உயரத்தைவிட அதிகமாக இருக்கலாம். அவருக்கு எட்டாத கரை உங்களுக்கு எட்டும். இதற்காகத்தான் செட் எப்போதும் 16-இல் திறந்திருக்க வேண்டும் என்று தலைப்பிலேயே போட்டேன். பேச வேண்டியது இருந்தால் 16-இல் கூப்பிட்டு, சேனல் 6 போன்ற படகுக்குப் படகு சேனலுக்கு மாறிப் பேசிவிட்டு, திரும்பி 16-க்கு வந்துவிட வேண்டும்.

16-இல் செல்போனை வைத்துப் பாட்டுப் போடுகிற மகராசர்கள் இருக்கிறார்கள். ஒருவர் மைக்கை அழுத்தினால் அந்த வட்டாரத்தில் மற்றவர் குரல் அமுங்கிவிடும். வேறொன்றும் சொல்லத் தோன்றவில்லை, கோபம்தான் வருகிறது.

கேள்வி: அப்பச்சி காலத்தில் கொண்டுவிற்க வந்து பினாங்கிலேயே தங்கிவிட்ட குடும்பம் எங்களுடையது. சின்ன படகு ஒன்று இருக்கிறது. செட்டில் மூடி போட்ட சிவப்புப் பொத்தான் இருக்கிறதே, அதை அழுத்தினால் என்ன ஆகும்? (பினாங்கு)

அதுதான் டி.எஸ்.சி. மூடியைத் திறந்து சுமார் ஐந்து நொடி அழுத்திப் பிடித்தால் சேனல் 70 வழியாக ஒரு டிஜிட்டல் செய்தி போகும். அரை நொடி வேலை. எட்டும் தூரத்தில் உள்ள டி.எஸ்.சி. செட்டுகளில் எல்லாம் மணி அலறும். ஒருவரும் ஏற்காவிட்டால் ஏறக்குறைய நான்கு நிமிடத்துக்கு ஒரு முறை தானே திரும்ப அனுப்பும். அழுத்திய பிறகு 16-இல் வாயாலும் மேடே சொல்ல வேண்டும், பொத்தானோடு நின்றுவிடக் கூடாது.

ஆனால் இரண்டு வேலை முன்கூட்டியே முடிந்திருக்க வேண்டும். ஒன்று, எம்.எம்.எஸ்.ஐ. என்ற, படகை அடையாளம் காட்டும் ஒன்பது இலக்க எண்ணைப் பதிவு செய்து செட்டில் ஏற்றுவது. மலேசியப் படகுக்கு 533 என்றும் இந்தியப் படகுக்கு 419 என்றும் தொடங்கும். அந்த எண் ஏறாத செட்டுகளில் பெரும்பாலும் சிவப்புப் பொத்தான் வேலையே செய்யாது. பழைய செட் வாங்கியிருந்தால் முந்தைய உரிமையாளரின் எண் அதில் இருக்கும், அவரைத் தேடி ஆட்கள் போவார்கள்! இரண்டாவது, ஜி.பி.எஸ். இணைப்பு. அது இல்லாவிட்டால் ஆபத்து என்ற செய்தி போகும், எங்கே என்பது போகாது.

பேரப்பிள்ளை விளையாட்டாக அழுத்திவிட்டால் செட்டின் திரையில் உள்ள ரத்துக் கட்டளையைக் கொடுத்து, 16-இல் "தவறுதலாகப் போனது, ரத்து" என்று படகின் பெயரோடு அறிவியுங்கள். பயந்து அணைத்துவிட்டுப் பேசாமல் இருந்தால்தான் வம்பு. வீணாக ஒரு படகைத் தேடலுக்கு அனுப்பியதாக ஆகும்.

கேள்வி: எங்கள் ஐயா ரஜூலா கப்பலில் நாகப்பட்டினத்திலிருந்து பினாங்கு போனவர். அப்போதெல்லாம் நடுக்கடலில் ஆபத்து என்றால் எப்படிச் சொன்னார்கள்? (கண்டனூர்)

இது எனக்குப் பிடித்த கேள்வி. ரஜூலா 1926-இல் கட்டிய கப்பல். அந்தக் காலத்தில் மோர்ஸ்தான், எழுத்துகளைப் புள்ளியும் கோடுமாக ஒலியில் அனுப்புவது. 500 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் கட்டுக் கடா சத்தம். பின்னாளில் நான் இருந்த ரேடியோ அறைகளிலும் ஒரு கடிகாரம் உண்டு. முகப்பில் ஒவ்வொரு மணியின் 15 முதல் 18 நிமிடம், 45 முதல் 48 நிமிடம் வரை சிவப்பு வண்ணம் பூசியிருக்கும். அந்த மூன்று மூன்று நிமிடமும் எந்தக் கப்பலும் அந்த அலைவரிசையில் ஒலிபரப்பக் கூடாது, காதை மட்டும் தீட்டிக்கொள்ள வேண்டும். பலவீனமான கப்பல் ஒன்று எங்காவது கூப்பிட்டால் அப்போதாவது கேட்கட்டும் என்பதற்காக. வாய்ப்பேச்சுக்கான 2182 கிலோஹெர்ட்ஸுக்குப் பச்சை வண்ணத்தில் வேறு நிமிடங்கள். 1999 பிப்ரவரி 1 முதல் கப்பல்கள் முழுக்க ஜி.எம்.டி.எஸ்.எஸ். என்ற, செயற்கைக்கோளும் டிஜிட்டல் அழைப்பும் கொண்ட புதிய ஏற்பாட்டுக்கு மாறின. எங்கள் வேலையும் அதோடு போயிற்று. கருவி மாறியதில் எனக்கு வருத்தமில்லை. எல்லாரும் சேர்ந்து சும்மா இருந்து கேட்கிற அந்த ஒழுங்கு போனதில்தான் வருத்தம்.

கேள்வி: போன வருடம் நன்றாக இருந்த செட் இப்போது கரகரக்கிறது. புதுசு வாங்கச் சொல்கிறார்கள். (கோட்டைப்பட்டினம்)

பொறுங்கள், முதலில் ஏரியல் கேபிளின் முனையைக் கழற்றிப் பாருங்கள். பச்சை பூத்திருக்கும். உப்புக் காற்று செம்பைத் தின்பது பற்றி உலகத்துக்கே சொல்லிக் கொடுக்கும் செக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்) நம் காரைக்குடியில்தான் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் இடமும் பணமும் கொடுத்து, 1953-இல் திறந்தது. அரிமானச் சோதனைக்கு மண்டபத்தில் ஒரு நிலையமே வைத்திருக்கிறார்கள். இவ்வளவு பக்கத்தில் அது இருந்தும் நாம் கனெக்டரைத் திறந்தே விட்டு வைக்கிறோம். முனையை வெட்டிப் புதிதாகப் போட்டு, தானாக ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றுங்கள். சாதாரண இன்சுலேஷன் டேப் வெயிலில் உரிந்துவிடும். கேபிளுக்குள் தண்ணீர் போய்ச் செம்புப் பின்னல் கறுத்திருந்தால் கேபிளையே மாற்ற வேண்டும்.

அடுத்தது பேட்டரி. கேட்கும்போது செட் அரை ஆம்பியர்கூட இழுக்காது; 25 வாட்டில் பேசும்போது ஐந்தாறு ஆம்பியர் இழுக்கும். அதனால் பழைய பேட்டரியில் கேட்பது நன்றாகக் கேட்கும், பேச அழுத்தினால் செட் அணைந்துவிடும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலத்தில் எஞ்சினைப் பிரிக்கும்போது இதையும் பாருங்கள்.

கேள்வி: ஒக்கி புயல் வந்தபோது படகுகளில் வி.எச்.எஃப். இருந்தும் உதவவில்லையே? (தொண்டி)

உண்மை. 2017 நவம்பர் கடைசியில் குமரிப் படகுகள் பல ஆழ்கடலில் இருந்தன, கரையின் வி.எச்.எஃப். எட்டும் தூரத்தைத் தாண்டி. எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. அந்தத் தூரத்துக்குச் செயற்கைக்கோள்தான் வழி: ஆபத்துச் செய்தி அனுப்பும் இஸ்ரோவின் டாட் கருவி, அல்லது இருக்கும் இடத்தைத் தெரிவிக்கும் 406 மெகாஹெர்ட்ஸ் ஆபத்து மிதவையான இ.பி.ஐ.ஆர்.பி. டாட்டின் இரண்டாம் தலைமுறையில் உங்கள் செய்தி கிடைத்தது என்ற பதிலும் திரும்ப வருகிறது. அது பெரிய ஆறுதல். பாக் நீரிணையில் போய் மறுநாள் திரும்புகிறவர்களுக்கு வி.எச்.எஃப். பெரும்பாலும் எட்டும். ஆனால் கிளம்பும் முன் வானிலைச் செய்தியைப் பார்ப்பதற்கு எந்தக் கருவியும் மாற்று இல்லை.

கேள்வி: எல்லை தாண்டிவிட்டோமா என்று ரேடியோ காட்டுமா?

காட்டாது. அது ஜி.பி.எஸ். வேலை. ஆனால் ரோந்துக் கப்பல் 16-இல் கூப்பிட்டால் பதில் சொல்லுங்கள். மௌனத்தைச் சந்தேகமாகத்தான் எடுத்துக்கொள்வார்கள்.

கேள்வி: நான் ஹாம் (பொழுதுபோக்கு ரேடியோ) லைசென்ஸ் வாங்கியவன். என் ஹாம் வாக்கி டாக்கியில் கடல் சேனல்களை ஏற்றிக்கொண்டு படகில் போகலாமா? (காரைக்குடி, கல்லூரி மாணவர்)

கூடாது, தம்பி. உங்கள் உரிமம் 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் போன்ற ஹாம் பட்டைகளுக்கு. சேனல் 16 என்பது 156.8 மெகாஹெர்ட்ஸ், அது வேறு சேவை. கருவியும் அதற்கென்று அங்கீகரித்ததாக இருக்க வேண்டும், தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூ.பி.சி. பிரிவின் அனுமதியும் வேண்டும். ஆன்லைனில் விலை மலிவாகக் கிடைக்கும் வாக்கி டாக்கிகள் பல தண்ணீரையும் தாங்காது. ஹாமில் கேட்டுப் பழகிய காது உங்களுக்கு இருக்கிறது, அது கடலில் நன்றாக உதவும். செட்டை மட்டும் கடலுக்கு உரியதாக வாங்குங்கள். பதிவு செய்த படகு என்றால் முதலில் மீன்வளத் துறை அலுவலகத்தில் கேளுங்கள், எந்தக் கருவிக்கு என்ன காகிதம் என்று அங்கே சொல்வார்கள்.