காலி கேசட் கேட்டவர்களுக்கு

பழைய வீடியோ கேசட்டுகளைப் பிரதி எடுப்பது பற்றி வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: 1989-இல் நடந்த எங்கள் அக்கா கல்யாணம் இரண்டு கேசட்டில் இருக்கிறது. போட்டுப் பார்த்தால் படத்தில் கோடு கோடாக விழுகிறது. டவுனில் ஒரு கடை அண்ணாச்சி, பழைய இருப்பு என்று சீல் பிரிக்காத காலி கேசட் வைத்திருக்கிறார். இ-180, இ-240, 'ஹை கிரேடு' என்று மூன்று வகை. எதில் பிரதி எடுத்தால் நெடுநாள் நிற்கும்? - வாசகி, பாளையங்கோட்டை

பதில்: இ-180 வாங்குங்கள். இ-240 வேண்டாம். இரண்டுக்கும் கூடு ஒன்றுதான், உள்ளே இருக்கும் சக்கரமும் ஒன்றுதான். எண் என்பது ஓடும் நிமிஷம். இ-180-இல் ஏறத்தாழ 260 மீட்டர் நாடா. இ-240-இல் ஏறத்தாழ 345 மீட்டர். அதே கூட்டுக்குள் அவ்வளவு நீளத்தை அடக்க வேண்டுமானால் நாடாவை மெலிதாக்குவதைத் தவிர வேறு வழி கிடையாது. மெலிந்த நாடா இழுபடும், விளிம்பு சுருங்கும். வி.எச்.எஸ். (நம் வீடுகளில் இருக்கும் வழக்கமான வீடியோ கேசட் வகை) நாடாவில் மேல் விளிம்பில் ஒலியும், கீழ் விளிம்பில் படத்தை நிறுத்திப் பிடிக்கும் கட்டுப்பாட்டுத் தடமும் இருக்கின்றன. அதனால் விளிம்பு கசங்கினால் முதலில் சத்தம் மங்கும், பிறகு படம் துள்ளும். நடுவில் உள்ள படம் நன்றாகவே இருந்தாலும் பயனில்லை.

'ஹை கிரேடு', 'சூப்பர்', 'புரோ' என்பவை அந்தந்தக் கம்பெனி தானே போட்டுக்கொண்ட பெயர்கள். ஒரு கம்பெனியின் ஹை கிரேடு இன்னொரு கம்பெனியின் சாதாரண கேசட்டுக்குக் கீழே இருக்கலாம். அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்பதைவிட யார் செய்தது என்று பாருங்கள். ஜேவிசி, டிடிகே, மாக்செல், ஃபூஜி, சோனி, பானாசோனிக் ஆகியவை நம்பலாம், அசலாக இருந்தால். அசலா என்று பார்க்கக் கூட்டைத் திருப்புங்கள். வி.எச்.எஸ். முத்திரை கூட்டிலேயே அச்சாகப் பதிந்திருக்க வேண்டும். ஸ்டிக்கரில் மட்டும் இருந்தால் சந்தேகம்தான். அடியில் ஐந்து திருகாணிகள் இருப்பது நல்லது. திருகாணி இல்லாமல் ஒட்டி மூடியதை, நாளைக்கு நாடா சிக்கினால் உடைத்துத்தான் திறக்க வேண்டும். ஜன்னல் வழியே பார்த்தால் நாடாச் சுற்று கண்ணாடி போல் சமமாக இருக்க வேண்டும். ஒரு சுற்று மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தாலோ, வெள்ளையாகப் பொடி தெரிந்தாலோ வாங்காதீர்கள்.

சீல் பிரிக்காதது என்பதற்காக நல்லது என்று சொல்லிவிட முடியாது. இருபது கோடைக்காலம் தகரக் கூரைக்கடியில் கிடந்த கேசட்டும் சீலோடுதான் இருக்கும். அதனால் முதலில் ஒன்றே ஒன்று வாங்கிச் சோதியுங்கள். ஒரு தடவை முழுக்க முன்னே ஓட்டி, முழுக்க ரீவைண்ட் செய்யுங்கள், இறுக்கம் சமமாகும். பிறகு டிவிடி பிளேயரிலிருந்து வெறும் கறுப்புத் திரையை ஆரம்பத்தில் ஐந்து நிமிஷம், நடுவில் ஐந்து, கடைசியில் ஐந்து பதிவு செய்து போட்டுப் பாருங்கள். கறுப்பில் வெள்ளை மின்னல் கீற்றுகள் வந்தால் அங்கே காந்தப் பூச்சு உதிர்ந்திருக்கிறது என்று அர்த்தம். எப்போதாவது ஒன்றிரண்டு என்றால் சரி. தொடர்ந்து மின்னினால் அந்த இருப்பையே விட்டுவிடுங்கள். ஓடும்போது கிறீச்சென்று சத்தம் வந்தால் உடனே நிறுத்துங்கள்; பூச்சைப் பிடித்திருக்கும் பசை ஈரம் குடித்து இளகிவிட்டது. அது டெக்கில் (கேசட் ஓட்டும் கருவி) நாடாவைப் படிக்கும் ஹெட்டையும் அடைத்துவிடும்.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒரு விஷயம். உங்கள் படத்தில் கோடு விழுவதற்கும் காலி கேசட்டுக்கும் சம்பந்தமில்லை. ஓடுகிற டெக்கில் கோடு விழுந்தால் எவ்வளவு உயர்ந்த கேசட்டிலும் அந்தக் கோடுதான் பதிவாகும். முதலில் டெக்கைச் சரிசெய்யுங்கள். மின் இணைப்பை எடுத்துவிட்டு மூடியைத் திறந்தால், 62 மில்லிமீட்டர் குறுக்களவில் பளபளவென்று ஓர் உருளை தெரியும், ஹெட் அதில்தான் இருக்கிறது. நூல் உதிராத துணியை 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்து அதன் பக்கவாட்டில் அசையாமல் வைத்துக்கொண்டு, மறுகையால் உருளையின் தலையைப் பிடித்து மெல்லச் சுற்றுங்கள். துணியை மேலும் கீழும் தேய்த்தால் ஹெட்டின் முனை ஒடிந்துவிடும். காது குடையும் பஞ்சுக்குச்சி கூடவே கூடாது. துடைத்த பிறகும் கோடு விழுந்தால், ஹெட்டை நாடாவின் தடத்தோடு பொருத்தும் டிராக்கிங்கைத் திருகிப் பாருங்கள். இதிலேயே பாதிப் பேருடைய பிரச்சினை தீர்ந்துவிடும்.

கேசட்டிலிருந்து கேசட்டுக்கு எடுப்பதை இரண்டாவது காவலாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். புதிய வி.எச்.எஸ். டெக் செய்வது 2016-இலேயே நின்றுவிட்டது. கேசட் நன்றாக இருந்தும் போட்டுப் பார்க்க டெக் இல்லாத நாள் வரும். முதல் பிரதி கம்ப்யூட்டரில் இருக்கட்டும்.

கேள்வி: எங்கள் ஊர் அம்மன் கோவில் கொடையில் விடிய விடிய நடந்த வில்லுப்பாட்டை அந்தக் காலத்தில் சித்தப்பா ஒரே கேசட்டில் ஆறு மணி நேரம் பதிவு செய்திருக்கிறார். இரண்டு டெக் வைத்துப் பிரதி எடுத்தேன். நிறம் வழிகிறது, பாட்டு குகைக்குள் இருந்து வருவது போல் இருக்கிறது. கேசட் மட்டமா? - வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: கேசட்டின் மேல் குற்றமில்லை. மூன்று மணி நேரக் கேசட்டில் ஆறு மணி நேரம் பிடிக்க எல்.பி. (லாங் பிளே) என்னும் பாதி வேகத்தில் பதிந்திருக்கிறார். சாதாரண எஸ்.பி. வேகத்தில் நாடா நொடிக்கு 2.34 சென்டிமீட்டர் ஓடும், எல்.பி.யில் 1.17 மட்டுமே. நாம் பாட்டுக் கேட்கும் ஆடியோ கேசட் 4.76 சென்டிமீட்டர் ஓடுகிறது. கால்வாசி வேகத்தில் வில்லில் கட்டிய மணிச் சத்தம் எங்கே பிடிபடப்போகிறது? குடமும் உடுக்கும் மட்டும் மிஞ்சும். மூலத்திலேயே இல்லாததைப் பிரதியில் கொண்டுவர முடியாது.

ஆனால் இருப்பதைக் காப்பாற்றலாம். எல்.பி.யில் படத்தின் தடம் பாதி அகலம்தான். பதிவு செய்த அதே டெக்கில் போட்டால்தான் சரியாகப் பிடிக்கும். சித்தப்பாவின் டெக் பழுதாகிப் பரணில் கிடந்தாலும், அதை ரிப்பேர் பார்ப்பது புதிதாகத் தேடி வாங்குவதைவிட நல்லது. இரண்டு டெக்கையும் ஆன்டெனா வயரால் இணைத்திருந்தால் அதை எடுத்துவிட்டு, மஞ்சள், வெள்ளை முனை உள்ள வயரால் ஓடும் டெக்கின் லைன் அவுட்டிலிருந்து பதியும் டெக்கின் லைன் இன்னுக்குக் கொடுங்கள். ஓடும் டெக்கில் 'எடிட்' என்று ஒரு சுவிட்ச் இருந்தால் அதைப் போடுங்கள். திரையில் எழுத்து வருவதை அணைத்துவிடுங்கள். பதியும் டெக் எஸ்.பி.யில் இருக்கட்டும், ஆறு மணி நேரத்துக்கு இரண்டு இ-180 ஆகும். காலி கேசட்டின் முதல் ஒரு நிமிஷத்தை வெறுமையாக ஓட விடுங்கள், அதிகம் தேய்கிற இடம் அதுதான். பதிந்து முடிந்ததும் முதுகில் உள்ள சின்னப் பிளாஸ்டிக் நாக்கை ஒடித்துவிட்டால், யாரும் தவறிப்போய் மேலே சீரியலைப் பதியமாட்டார்கள்.

நிறம் வழிவது வி.எச்.எஸ்.ஸின் பிறவிக்குணம். நிறத்துக்கு அது ஒதுக்கியிருக்கும் இடம் மிகக் குறைவு. ஒவ்வொரு பிரதிக்கும் சிவப்புச் சேலை இன்னும் கொஞ்சம் கரையைத் தாண்டும். அதனால் பிரதிக்குப் பிரதி எடுக்காதீர்கள். எத்தனை வேண்டுமோ அத்தனையையும் மூலத்திலிருந்தே எடுங்கள்.

அன்று ராத்திரி யாராவது டேப் ரெக்கார்டரை மேடைப்பக்கம் வைத்திருப்பார்கள், ஊரில் விசாரியுங்கள். அந்த ஆடியோ கேசட் கிடைத்தால் சத்தத்தை அதிலிருந்து எடுத்துக் கம்ப்யூட்டரில் படத்தோடு சேர்க்கலாம். இரண்டும் ஒரே வேகத்தில் ஓடாது. சில நிமிஷத்துக்கு ஒரு தடவை உடுக்கை அடியை வைத்துப் பொருத்த வேண்டியிருக்கும். பொறுமை வேண்டிய வேலை.

கேள்வி: 2023 டிசம்பர் வெள்ளத்தில் வீட்டுக்குள் தண்ணீர் ஏறி, பீரோவின் கீழ்த்தட்டில் இருந்த கேசட்டெல்லாம் நனைந்துவிட்டது. வெயிலில் காயவைத்து எடுத்து வைத்திருக்கிறோம். உள்ளே சேறு தெரிகிறது. போட்டுப் பார்க்கலாமா? - வாசகி, ஏரல்

பதில்: போடவே போடாதீர்கள். ஒரு மணல் துகள் போதும், நாடா முழுக்கக் கீறல் விழும்; டெக்கும் போகும். இங்கேதான் காலி கேசட் உண்மையில் உதவும், அதன் கூட்டுக்காக.

திருகாணி போட்ட நல்ல காலி கேசட் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். நனைந்த கேசட்டைக் கவிழ்த்து ஐந்து திருகாணிகளையும் கழற்றி, மறுபடி நிமிர்த்திவைத்து மேல் மூடியைத் தூக்குங்கள். கவிழ்த்தபடி திறந்தால் ஸ்பிரிங்குகள் தெறித்து ஓடும். எதையும் தொடுமுன் செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். நாடா எந்த உருளைக்கு முன்னால், எந்த முளைக்குப் பின்னால் போகிறது என்று பிறகு ஞாபகம் இருக்காது.

சேறு சக்கரத்தின் மேல் மட்டும் காய்ந்திருந்தால், முகமூடி அணிந்து, வெளியே வைத்து, மெல்லிய தூரிகையால் தட்டிவிடுங்கள். சுற்றுகளுக்கு இடையே சேறு இறங்கி ஒட்டியிருந்தால் பிரித்து இழுக்கக் கூடாது, பூச்சு உரிந்துவிடும். சக்கரத்தோடு சுத்தமான தண்ணீரில் அலசுங்கள். ஆழ்துளைக் குழாயின் உப்புத்தண்ணீர் வேண்டாம். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்ற விற்கும் டிஸ்டில்டு வாட்டர் போதும். பிறகு நிழலில், ஃபேன் காற்றில், நாள்கணக்கில் உலரட்டும். வெயில், முடி உலர்த்தும் கருவி, ஃபிரிஜ் மூன்றும் ஆகாது. சூட்டில் நாடா நெளிந்துவிடும், பிறகு எதுவும் செய்ய முடியாது.

நன்றாக உலர்ந்ததும், காலி கேசட்டின் சொந்தச் சக்கரங்களை எடுத்துவிட்டு அந்தக் கூட்டில் இவற்றை வைத்து மூடி, கையால் சுற்றிப் பாருங்கள். தடையில்லாமல் போனால் டெக்கில் போடலாம். அந்த முதல் ஓட்டத்தையே பதிவு செய்துவிடுங்கள், இரண்டாவது ஓட்டம் கிடைக்காமல் போகலாம். நாடா அறுந்தால் செல்லோ டேப் ஒட்டாதீர்கள். அதன் பசை வழிந்து ஹெட்டில் ஏறும். இதற்கென்றே விற்கும் ஒட்டுநாடாவை ஹெட்டில் படாத பக்கத்தில் ஒட்ட வேண்டும்.

கேள்வி: சாரல் காலத்தில் கேசட்டில் பூஞ்சணம் பிடித்துவிடுகிறது. எங்கே வைப்பது? - வாசகர், தென்காசி

பதில்: வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியும் பரணும் வேண்டாம். வீட்டின் நடுவில் உள்ள அறை, அரங்கு வீடு இருந்தால் அது, நல்லது. முழுக்க ரீவைண்ட் செய்து, புத்தகம் போல் நிற்கவைத்து, காற்றுப் புகாத டப்பாவில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மணிகளோடு வையுங்கள். நீல மணிகள் இளஞ்சிவப்பாக மாறினால் வறுத்து மறுபடி பயன்படுத்தலாம். ஏற்கெனவே பூஞ்சணம் பிடித்ததைத் தனி டப்பாவில் அதே மணிகளோடு இரண்டு வாரம் வைத்து உலர்த்திய பிறகே துடைக்க வேண்டும். ஈரமாக இருக்கும்போது துடைத்தால் மற்ற சுற்றுகளுக்கும் பரவும். நல்ல டெக்கில் அதைப் போட்டால் அடுத்துப் போடுகிற கேசட்டுக்கெல்லாம் ஒட்டிக்கொள்ளும்.

கேள்வி: அமெரிக்காவில் இருந்து மச்சான் கொண்டுவந்த டி-120 காலி கேசட் நம் டெக்கில் வேலை செய்யுமா? - வாசகர், வள்ளியூர்

பதில்: தாராளமாக. காலி நாடாவுக்கு நாடு கிடையாது. அங்கே இரண்டு மணி நேரம். நம் நாட்டு டிவி முறையான பால் (PAL) முறையில் நாடா மெதுவாக ஓடுவதால் ஏறத்தாழ 2 மணி 55 நிமிஷம் வரும். நாடாவும் தடிமன்தான். அங்கே பதிவு செய்து அனுப்பிய கேசட் என்றால் அமெரிக்க முறையான என்.டி.எஸ்.சி. ஓட்டும் டெக் வேண்டும்.

கேள்வி: சினிமா கேசட்டைப் பிரதி எடுத்தால் படம் வெளுத்தும் இருண்டும் மாறி மாறி வருகிறதே? - வாசகர், நாங்குநேரி

பதில்: பிரதி எடுக்கக் கூடாது என்று கம்பெனி வைத்த பூட்டு அது. எந்தக் காலி கேசட் வாங்கினாலும் அப்படித்தான் வரும்.

கேள்வி: டெக்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் விலை குறைந்த யு.எஸ்.பி. குச்சி வாங்கி, கேசட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். அரை மணி நேரம் போனதும் வாய் அசைவு ஒன்று, பேச்சு ஒன்று. எவ்வளவு இடம் வேண்டும், எதில் வைப்பது? - வாசகி, சங்கரன்கோவில்

பதில்: பழைய நாடாவிலிருந்து வரும் படச் சிக்னல் ஆடிக்கொண்டே வரும். குச்சியால் அதைப் பின்தொடர முடியாதபோது சில படங்களை (ஃபிரேம்களை) விட்டுவிடும். சத்தம் மட்டும் விடாமல் ஓடும். விட்ட படங்கள் சேரச் சேர விலகல் கூடும். பதியும் மென்பொருளில் விடுபட்ட படங்களின் எண்ணிக்கை காட்டும் இடம் இருக்கும், அது ஏறாமல் இருக்கிறதா என்று பாருங்கள். டெக்கில் ஆடும் சிக்னலை நிதானமாக்கும் டி.பி.சி. வசதி இருந்தால் போடுங்கள். இல்லையென்றால் டெக்குக்கும் குச்சிக்கும் நடுவில் ஒரு பழைய டிவிடி ரெக்கார்டரை வைத்து அதன் வழியே சிக்னலை விட்டுப் பாருங்கள். பல சமயம் நிதானமாகிவிடும். பதிவு நடக்கும்போது கம்ப்யூட்டரில் வேறு எதையும் திறக்க வேண்டாம்.

அளவு 720-க்கு 576, நொடிக்கு 25 படம். டிஜிட்டல் வீடியோ (DV) என்னும் கோப்பு வடிவத்தில் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 13 ஜி.பி. ஆகும், மூன்று மணி நேரக் கேசட்டுக்கு 40 வைத்துக்கொள்ளுங்கள். தர இழப்பே இல்லாத ஹஃப்ஒய்யுவி போன்ற வடிவங்களில் மணிக்கு 30-ஐயும் தாண்டலாம். அந்தப் பெரிய கோப்பை அப்படியே வைத்துவிட்டு, வாட்ஸப்பில் அனுப்பத் தனியாக ஒரு சின்னக் கோப்பு செய்துகொள்ளுங்கள். சின்னதை வைத்துக்கொண்டு பெரியதை அழித்தவர்கள் பிறகு வருத்தப்படுகிறார்கள்.

பென் டிரைவில் வைப்பது வைத்ததாகாது. இரண்டு ஹார்டு டிஸ்க், இரண்டு வீட்டில். ஏரல் வாசகியும் கவனிக்க: ஒன்று உங்களிடம், ஒன்று வேறு ஊரில், மாடியுள்ள உறவினர் வீட்டில். வருஷத்துக்கு ஒரு தடவை இரண்டையும் இணைத்துத் திறந்து பாருங்கள். மூலக் கேசட்டைத் தூக்கிப் போடாதீர்கள்.