120 நாய்களும் ஒரு பகல் விளக்கும்

கேள்வி: வட கொரியாவில் ஆண்கள் எல்லாரும் அதிபர் மாதிரியே முடி வெட்டிக்கொள்ள வேண்டுமாமே? சொந்த மாமாவையே பசித்த நாய்களுக்கு இரையாகப் போட்டவராமே அவர்! யூடியூபில் விலாவாரியாகச் சொல்கிறார்கள். உங்கள் பத்திரிகை மட்டும் வாயே திறப்பதில்லை. தோழர்கள் மேல் அவ்வளவு பாசமா? (ஒரு வாசகர், விருதுநகர்)

பதில்: ஒரு முறை திறந்தோம், அதுதான் வினை. 2014 ஜனவரியில் அந்த நாய்க்கதையை நாங்களும் போட்டோம். கால் பக்கம் காலியாகக் கிடந்தது. அச்சகத்திலிருந்து போன் மேல் போன். கைக்குக் கிடைத்ததைத் தமிழ்ப்படுத்தி ஒட்டினோம். தலைப்பு வைத்தது நான்தான். அந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பாதி அதைப் பற்றி. ஒருவர்கூட "இது உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்கவில்லை.

பிறகுதான் அதன் பூர்வீகம் தெரிந்தது. சீனாவில் கிண்டல் எழுதும் ஒருவர் வெய்போ என்ற சமூக வலைத்தளத்தில் போட்ட பதிவு அது. ஹாங்காங்கின் 'வென் வெய் போ' நாளிதழ் அதைச் செய்தி என்று நம்பி அச்சிட்டது. அங்கிருந்து சிங்கப்பூரின் 'ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ்' எடுத்தது. அதன் பிறகு உலகமே எடுத்தது. 120 நாய்கள் என்ற எண்ணிக்கைதான் எல்லாரையும் கவிழ்த்தது. "சில நாய்கள்" என்றிருந்தால் கொஞ்சம் யோசித்திருப்போம். 120 என்றதும் யாரோ பக்கத்தில் நின்று எண்ணியது போல ஆகிவிட்டது.

மாமா கொல்லப்பட்டது நிஜம். அதிபர் கிம் ஜோங் உன்னின் அப்பாவுடைய தங்கையைக் கட்டியவர் ஜாங் சாங் தேக். நம் கணக்கிலும் அசல் மாமாதான். 2013 டிசம்பரில் கட்சிக் கூட்டத்திலிருந்து அவரைச் சீருடைக்காரர்கள் கையைப் பிடித்து இழுத்துப்போகும் படத்தை அரசுத் தொலைக்காட்சியே காட்டியது. சில நாட்களில் ராணுவ நீதிமன்ற விசாரணை, உடனே மரண தண்டனை. இதையும் அந்த அரசே அறிவித்தது. ஒளிவுமறைவே இல்லாத இந்தக் கொடுமை நமக்குப் போதவில்லை, நாய் வேண்டியிருந்தது.

முடி விவகாரத்துக்கு வருவோம். 2014 மார்ச்சில் வந்த செய்தி அது. கல்லூரி மாணவர்கள் அதிபர் பாணியில்தான் வெட்டவேண்டும் என்று உத்தரவாம். அந்த நாட்டுக்கு அடிக்கடி சுற்றுலாக் கூட்டிப்போகிறவர்கள், அப்படி எதையும் பார்க்கவில்லை என்றார்கள். மறுப்பை யார் படித்தார்கள்? ஆனால், அதற்குச் சுமார் பத்தாண்டு முன்பு 'சோஷலிச வாழ்க்கைக்கு ஏற்றபடி முடி வெட்டுவோம்' என்று அரசுத் தொலைக்காட்சி தொடர் நிகழ்ச்சியே நடத்தியதுண்டு. நீள முடி மூளைக்குப் போகவேண்டிய சத்தை உறிஞ்சிவிடும் என்று அதில் சொன்னார்கள். பொய்க்கதையைவிட இந்த நிஜம்தான் எனக்கு ருசி.

உள்ளூர் எம்.எல்.ஏ. ஒருவரைப் பற்றி இதில் கால்வாசி எழுதினால் மறுநாள் வக்கீல் நோட்டீஸ் வாசலில் நிற்கும். வட கொரியத் தலைநகர் பியாங்யாங்கிலிருந்து நோட்டீஸ் வராது. உள்ளே போய்ப் பார்த்துவர வழியில்லை. விடுகிற நிருபர்களோடும் கூடவே ஆள் அனுப்புவார்கள். ஆக, பெயர் சொல்லாத ஒரு 'நம்பத்தகுந்த வட்டாரம்' கிடைத்தால் போதும், எதையும் எழுதலாம். கதவை இழுத்துச் சாத்திக்கொண்ட குற்றம் அந்த அரசுடையது. சாத்திய கதவில் இஷ்டத்துக்குப் படம் வரைந்தது நம் ஆட்கள்.

ஹியோன் சாங் வோல் என்ற பாடகியின் கதையைக் கேளுங்கள். 2013 ஆகஸ்டில் அவரையும் இன்னும் சிலரையும் நிற்கவைத்துச் சுட்டுவிட்டார்கள் என்று தென் கொரியாவின் பெரிய நாளிதழ் 'சோசன் இல்போ' எழுதியது. அடுத்த மே மாதம் அவர் தொலைக்காட்சியில் தோன்றினார். 2018 ஜனவரியில், குளிர்கால ஒலிம்பிக்குக்கு முன்பு, கலைக்குழுவுக்கு மேடை பார்க்க அவரே தென் கொரியாவுக்கு வந்து இறங்கினார். கழுத்தில் மென்மயிர்ச் சால்வை, சுற்றிலும் கேமராக் கூட்டம். ஐந்து வருடம் முன்பு அவருக்குக் கருமாதி நடத்திய ஊடகங்கள் இப்போது சால்வை என்ன விலை இருக்கும் என்று ஆராய்ந்தன.

2012இல் 'ஒற்றைக்கொம்புக் குதிரையின் குகையைக் கண்டுபிடித்ததாக வட கொரியா அறிவிப்பு' என்று உலகம் சிரித்தது. விஷயம் என்னவென்றால், பழைய மன்னர் ஒருவரின் ஐதிகத்தோடு தொடர்புள்ள ஓர் இடத்தைக் கண்டோம், ஆகவே பழைய தலைநகரம் எங்கள் பியாங்யாங்தான் என்று அவர்கள் சொன்னார்கள். அரசியல் உள்நோக்கமுள்ள தொல்லியல். அது நமக்கொன்றும் புதிதல்ல. அவர்கள் சொன்ன 'கிரின்' நம் யாளி மாதிரி ஒரு கற்பனை விலங்கு. ஆங்கில மொழிபெயர்ப்பு காலை வாரிவிட்டது. யாளி மண்டபத்தைத் தோண்டி எடுத்தோம் என்று நாம் சொல்ல, 'தமிழர்கள் யாளியைப் பிடித்தனர்' என்று வெளியூரில் எழுதினால் எப்படி இருக்கும்?

இப்போது உங்களிடம் ஒரு கேள்வி. நாய்க்கதை வந்தது ஜனவரி 2014. முடிக்கதை மார்ச். நடுவில் பிப்ரவரியில் என்ன வந்தது? ஆஸ்திரேலிய முன்னாள் நீதிபதி மைக்கேல் கர்பி தலைமையில் ஐ.நா. விசாரணைக் குழுவின் அறிக்கை வந்தது. தப்பி வந்தவர்களைப் பகிரங்கமாக உட்காரவைத்துச் சாட்சியம் வாங்கி, அரசியல் கைதி முகாம்களில் 80,000 முதல் 1,20,000 பேர் வரை இருப்பார்கள் என்று கணக்குச் சொல்லி, மானுடத்துக்கு எதிரான குற்றம் என்று எழுதிய அறிக்கை. நம் பத்திரிகையில் அது நாலு வரி. உங்கள் யூடியூப்காரர் அதைச் சொன்னாரா?

அங்கத்திய மக்களின் அன்றாட வாழ்க்கையோ, நம் செய்திகளில் அதைவிட மோசமாக மறைந்துபோனது. தொண்ணூறுகளின் பஞ்சத்தில் ரேஷன் நின்றபோது அந்த மக்களைக் காப்பாற்றியது ஜாங்மாதாங் என்கிற சந்தைகள். நடத்தியவர்கள் பெரும்பாலும் கல்யாணமான பெண்கள். காரணம் எளிது. ஆண்கள் அரசு வேலைக்குப் போயே ஆகவேண்டும், ஆலை ஓடாவிட்டாலும், சம்பளம் ஒரு கிலோ அரிசிக்குக் காணாவிட்டாலும். வீட்டுப் பெண்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அவர்கள் சோளமும் துணியும் விற்றுக் குடும்பத்தை ஓட்டினார்கள். அங்கே கணவன்மாருக்குப் பட்டப்பெயரே வந்துவிட்டது: 'பகல் விளக்கு'. எரிகிறது, பிரயோசனமில்லை.

2009 நவம்பர் 30 அன்று அரசு திடீரென்று பணத்தை மாற்றியது. பழைய 100 வொன் கொடுத்தால் புதிய 1 வொன். அதிலும் ஒரு குடும்பத்துக்கு முதலில் ஒரு லட்சம் பழைய வொன்தான் உச்சவரம்பு. கள்ளச்சந்தை விலையில் அது சுமார் 40 டாலர். அரிசிப் பானைக்குள் வருடக்கணக்காகப் பணம் சேர்த்த பெண்ணுக்கு ஒரே நாளில் எல்லாம் காகிதம். (2016 நவம்பரில் வங்கி வாசலில் நின்றவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.) முணுமுணுப்பு பெரிதாகவே, உச்சவரம்பைக் கொஞ்சம் ஏற்றினார்கள். 'ரோபோக்கள் போல வாழும் மக்கள்' என்று நாம் எழுதுகிற அதே மக்கள்தான் முணுமுணுத்தது.

தோழர் பாசம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கர்பி அறிக்கையை நாலு வரியில் முடித்ததற்கு அது காரணமில்லை. அதில் நாய் இல்லை, அவ்வளவுதான்.

சந்தையில் சோளம் விற்கும் பெண்களைப் பற்றி யாராவது விவரம் தெரிந்தவர் எழுதித் தந்தால் இரண்டு பக்கம் ஒதுக்குகிறேன். பழைய கால் பக்கத்தைக் கேட்காதீர்கள். அதில் இப்போது பட்டுப்புடவை விளம்பரம் வருகிறது.