தண்டுவட ஆய்வு: காசு, குண்டூசி, வேன் வாடகை

நான் டாக்டர் இல்லை. தண்டுவடத்தில் அடிபட்டவர்களுக்காகப் பல ஆஸ்பத்திரிகள் சேர்ந்து நடத்திய மருந்து ஆய்வுகளில் ஒருங்கிணைப்பாளராக ஓடியவன், நீங்கள் அனுப்பிய கேள்விகளுக்கு அந்த அனுபவத்தில்தான் பதில்.

அண்ணா, ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் செய்தால் போதாதா? (மருத்துவ மாணவர்)

ஆள் கிடைக்காது தம்பி. கழுத்தில் அடி, சமீபத்தில் பட்டது, நினைவு தெளிவு என்று சலித்துக்கொண்டே போனால் கடைசியில் மிஞ்சுவது விரல்விட்டு எண்ணும் அளவுதான். அதிலும் சிலருக்கு மருந்தே இல்லாமல் ஓரளவு தேறும், அதனால் பத்துப் பேரை வைத்து எதையும் சொல்ல முடியாது. நோகோ-ஏ எதிர்ப்பான் ஆய்வை எடுத்துக்கொள்ளுங்கள் (நரம்பு மறுபடி வளர விடாமல் தடுக்கும் நோகோ-ஏ என்ற புரதத்தை அடக்கும் மருந்து), ஐரோப்பாவில் 4 நாடுகள், 13 மருத்துவமனைகள், 126 பேருக்கு ஊசி போட்டு முடிக்கவே மூன்று வருடம். கை பலம் போலி மருந்தை (ஒப்பிட்டுப் பார்க்கப் போடும், மருந்தில்லாத ஊசி) விடக் கூடவில்லை என்றுதான் முடிவு வந்தது, ஆனாலும் அந்த 'இல்லை'யை நம்பலாம்.

இதற்கெல்லாம் யார் காசு தருகிறார்கள்?

அந்த ஆய்வுக்கு ஐரோப்பிய ஒன்றியமும் சுவிஸ் அரசும் அறக்கட்டளைகளும் சேர்ந்து கொடுத்தன. அதில் ஒன்றான விங்ஸ் ஃபார் லைஃப் 2014 முதல் ஓட்டம் நடத்துகிறது: முடிவுக் கோடு கிடையாது, பின்னால் கார் துரத்தும், அது தாண்டினால் நீங்கள் அவுட், நுழைவுக் கட்டணம் முழுக்க ஆராய்ச்சிக்கு. பழைய மருந்து என்றால் கம்பெனிகளுக்கு அக்கறை குறைவு. ஏ.எல்.எஸ். என்ற நரம்பு நோய்க்கு ஏற்கெனவே கொடுக்கும் ரிலுசோல் அப்படித்தான், தண்டுவட ஆய்வுக்கு 351 பேரைச் சேர்க்கத் திட்டமிட்டு, கொரோனா குறுக்கே வந்து 193-இல் நின்றது.

ஊருக்கு ஊர் பரிசோதனை மாறாதா? (பிசியோ)

மாறும் மேடம், என் தூக்கம் போனதே அதில்தான். தொடு உணர்வு பார்க்க உடம்பின் ஒரு பக்கத்துக்கு 28 இடம், பஞ்சால் ஒரு முறை, ஊக்கால் ஒரு முறை. முதலில் கன்னத்தில் குத்திக் காட்டி, இதே மாதிரி தெரிகிறதா என்று கேட்க வேண்டும். அப்புறம் கையில் 5, காலில் 5 தசை, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை மதிப்பெண். ஓர் இடத்தில் பரிசோதகர் மாறியதும் நோயாளிகளின் மணிக்கட்டு திடீரென்று 2-இலிருந்து 3-க்கு ஏறிவிட்டது. மருந்து வேலை செய்கிறதோ என்று ஒரு வாரம் சந்தோஷப்பட்டோம், பார்த்தால் புது ஆள் கையைத் திருப்பி வைக்கும் விதமே வேறு. ஆகவே பயிற்சிக்கும், வருடாவருடம் மறுபயிற்சிக்கும் முதலிலேயே பணம் ஒதுக்குங்கள்.

இந்தியாவில் பட்ஜெட் போடும்போது எதை மறக்கிறோம்?

வேன் வாடகையை. ஒரு வருடம் கழித்து வீல்சேரோடு வரச் சொல்கிறோம், கூட வருபவருக்கு அன்றைய கூலியும் போகும். இதைக் கொடுக்காமல் 'நோயாளி தொடர்பில் இல்லை' என்று எழுதுவது அநியாயம். ஆய்வு நோயாளிக்கு நியாயமானதா என்று பார்க்கும் நெறிமுறைக் குழுக்கள், ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி தனியாக இல்லாமல் கூட்டாகப் பரிசீலிக்க ஐ.சி.எம்.ஆரின் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2017 வழிகாட்டுதலில் இடம் உண்டு, கேட்டுப் பாருங்கள். வெளிநாட்டுக் கூட்டு என்றால் சுகாதார அமைச்சகத் திரையிடல் குழுவின் அனுமதிக்கும் நாள் ஒதுக்குங்கள்.

என் தம்பிக்கு அடிபட்டு நாலு வருடம். ஸ்டெம் செல் 'ஆய்வில்' சேர லட்சக்கணக்கில் கேட்கிறார்கள், சேரலாமா அண்ணா?

வேண்டாம்மா. ஆய்வு மருந்துக்கு நோயாளியிடம் காசு கேட்டாலே எழுந்து வந்துவிடுங்கள். நோகோ-ஏ ஆய்வில் அடிபட்டு 28 நாளுக்குள் இருப்பவர்களைத்தான் எடுத்தார்கள், பழைய காயத்துக்கான ஆய்வுகள் தனி. எதுவானாலும் சி.டி.ஆர்.ஐ. (இந்தியாவின் மருத்துவ ஆய்வுப் பதிவேடு) பதிவு எண் கேளுங்கள், 2009 முதல் அது கட்டாயம். எண்ணை அவர்கள் தளத்தில் போட்டால் எந்த ஆஸ்பத்திரி, யார் பணம், யாரைச் சேர்க்கிறார்கள் எல்லாம் வரும். தேடத் தெரியாவிட்டால் எண்ணை இங்கே போடுங்கள், நான் பார்த்துச் சொல்கிறேன்.