பழைய பிலிம் கேமரா: முதல் ரோலைப் போடும் முன்

கேள்வி: என் தாய்மாமா பயன்படுத்திய பென்டாக்ஸ் கே1000 கேமரா, 20 ஆண்டுகள் பீரோவில் கிடந்த பிறகு என்னிடம் வந்திருக்கிறது. லைட் மீட்டரின் (ஒளியளவைக் காட்டும் கருவி) முள் அசையவில்லை. கேமரா பழுதாகிவிட்டதா? ரோல் வாங்கிச் செலவு செய்வதற்கு முன் எப்படிச் சோதிப்பது?
– வாசகி ஒருவர், மதுரை

பதில்: முள் அசையவில்லை என்பதை வைத்துக் கேமராவை ஒதுக்கிவிடாதீர்கள். 1976 முதல் 1997 வரை தயாரிக்கப்பட்ட இந்தக் கேமராவில் பேட்டரி லைட் மீட்டருக்கு மட்டுமே தேவை. ஷட்டர் (பிலிமுக்கு முன் திறந்து மூடும் துணித் திரைகள்) முழுக்க ஸ்பிரிங்கிலும் பற்சக்கரங்களிலும் இயங்குவது. அடிப்பக்க மூடியைத் திறந்து, பச்சை படிந்திருந்தால் வினிகர் தொட்ட பஞ்சால் துடைத்து, நன்றாகக் காய்ந்தபின் எல்ஆர்44 பேட்டரி ஒன்றைப் போட்டுப் பாருங்கள். இந்த மீட்டருக்குத் தனி சுவிட்ச் இல்லாததால், லென்ஸ் மூடியைப் போட்டு வைக்காவிட்டால் பேட்டரி வீணாகத் தீர்ந்துவிடும்.

உண்மையில் கவனிக்க வேண்டியது ஷட்டரைத்தான். லென்ஸின் அப்பர்ச்சரை (ஒளி புகும் துளை) எஃப்/2-இல் வைத்து, பின்கதவைத் திறந்து, ஜன்னல் வழியே தெரியும் வானத்தை நோக்கிப் பிடித்து (சூரியனை நோக்கி வேண்டாம்), 1/1000 வினாடி வேகத்தில் பலமுறை அழுத்திப் பின்புறமிருந்து பாருங்கள். கட்டம் முழுவதும் ஒரே சீராகப் பளிச்சிட வேண்டும். ஒரு பக்கம் இருண்டு தெரிந்தால், துணித் திரைகள் இரண்டும் ஒரே வேகத்தில் ஓடவில்லை என்று பொருள். நெடுநாள் ஓய்விலிருந்த ஷட்டர் முதல் சில முறை தயங்கி, 20, 30 முறை இயக்கியபின் சரியாகிவிடுவதும் உண்டு என்பதால் அவசரப்பட்டு முடிவு கட்டிவிடாதீர்கள். மெதுவான வேகங்களில் பழைய கிரீஸ் இறுகித் தொல்லை தரும். 1 வினாடியில் வைத்து அழுத்தும்போது 'கிர்ர்' என்ற ஒலி தடையின்றி ஓடி முடிய வேண்டும். அதைக் கைபேசியில் பதிவு செய்து, திறக்கும் ஒலிக்கும் மூடும் ஒலிக்கும் உள்ள இடைவெளியை அளந்துவிடலாம். 1.2 வினாடி வந்தாலும் கலர் நெகட்டிவ் பிலிமில் வேறுபாடு தெரியாது.

அடுத்து, பின்கதவின் விளிம்பிலுள்ள கறுப்புப் பஞ்சைத் தீக்குச்சியால் தொட்டுப் பாருங்கள். தார்போல ஒட்டினால் ஒளி கசியும், மாற்றுவது எளிது. கேமராவுக்குள், லென்ஸுக்குப் பின்னால் சாய்ந்திருக்கும் முகம் பார்க்கும் கண்ணாடியின் மேலுள்ள பஞ்சும் அப்படியே. ஆனால் அந்தக் கண்ணாடியை மட்டும் துடைக்காதீர்கள். பூச்சு அதன் மேற்பரப்பில் இருப்பதால் கீறல் விழுந்துவிடும்.

இவ்வளவும் தேறினால், 400 ஏஎஸ்ஏ (பிலிமின் ஒளியுணர்வு அளவு) ரோல் ஒன்றைப் போடுங்கள். பிலிமை நகர்த்தும் லீவரை இழுக்கும்போதெல்லாம் இடப்பக்கத்து ரீவைண்ட் குமிழ் சுழல வேண்டும். சுழலாவிட்டால் பிலிம் நகரவில்லை. வெயில் நேரத்தில், வானம் தெரியும் நிழலிலுள்ள ஒரே சுவரை 1/1000-எஃப்/4, 1/500-எஃப்/5.6, 1/250-எஃப்/8, 1/125-எஃப்/11, 1/60-எஃப்/16, 1/30-எஃப்/22 என ஆறு படங்கள் எடுங்கள். ஆறிலும் ஒளியளவு ஒன்றே என்பதால், கழுவிய நெகட்டிவ்களும் ஒரே அடர்த்தியில் இருக்க வேண்டும். எந்தப் படம் வேறுபடுகிறதோ, அந்த வேகத்தையோ அந்த அப்பர்ச்சரையோதான் சந்தேகிக்க வேண்டும். படச் சட்டத்தைத் தாண்டி பிலிம் ஓரத்துத் துளைகள் வரை கறுப்புக் கீற்று ஓடியிருந்தால் அது ஒளிக்கசிவு. பிரிண்ட் போட்டு வாங்கினால் கடையின் இயந்திரமே வெளிச்சத்தைச் சரிசெய்து குறையை மறைத்துவிடும். ஆகவே நெகட்டிவைக் கேட்டு வாங்கி ஜன்னலில் பிடித்துப் பாருங்கள்.

கேள்வி: வாங்க நினைக்கும் பழைய லென்ஸுக்குள் சிலந்தி வலைபோல் தெரிகிறது. வாங்கலாமா?
– வாசகர் ஒருவர், நாகர்கோவில்

பதில்: அது பூஞ்சை. லென்ஸின் அப்பர்ச்சரை முழுவதும் திறந்து, பின்னாலிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். ஓரத்தில் ஓரிரு இழைகள் மட்டும் என்றால் படத்தில் தெரியாது; நடுவில் படர்ந்திருந்தால், சுத்தம் செய்த பிறகும் கண்ணாடிப் பூச்சில் தடம் நிற்கக்கூடும் என்பதால் விட்டுவிடுவதே நல்லது. கடற்கரை ஊரின் ஈரக்காற்றில் தோல் உறைக்குள் போட்டு வைப்பதுதான் இதற்கு வழிவிடுகிறது. காற்றுப் புகாத டப்பாவில் நீல நிற சிலிகா ஜெல்லுடன் வையுங்கள். மணிகள் இளஞ்சிவப்பாக மாறியதும் சூடுபடுத்தி, மறுபடி நீலமானபின் பயன்படுத்தலாம்.