குழுவில் வந்த அந்த வீடியோவை என்ன செய்வது?

கேள்வி: எங்கள் அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுவில், சிறுமி ஒருத்தியிடம் ஒருவன் பாலியல் அத்துமீறலில் ஈடுபடும் வீடியோ வந்தது. 'இவன் பிடிபடும்வரை ஷேர் பண்ணுங்க' என்று கீழே எழுதியிருந்தது. நான் யாருக்கும் அனுப்பவில்லை. அழித்துவிட்டால் போதுமா? போலீஸுக்குப் போனால் என்னையே சந்தேகப்படுவார்களோ?
- ஒரு வாசகி, திருச்சி

பதில்: முதலில் புகார், பிறகுதான் அழிப்பது. முந்திக்கொண்டு அழித்தால், அனுப்பியவரின் எண்ணும் வந்த நேரமும் உங்கள் போனிலிருந்து போய்விடும். ஃபார்வர்டு செய்தியில் மூலம் யார் என்று தெரியாது. போலீஸ் பின்னோக்கிப் போக அந்த எண்தான் பிடி.

குழுவின் பெயர், எண், தேதி, நேரம் எல்லாவற்றையும் தாளில் குறியுங்கள். வீடியோவை ஸ்கிரீன்ஷாட் எடுக்காதீர்கள், அது இன்னொரு பிரதி. வாட்ஸ்அப்பில் தானாக டவுன்லோட் ஆவதை நிறுத்துங்கள். குழுவை 'ரிப்போர்ட்' செய்தால் கடைசி ஐந்து செய்திகள் வாட்ஸ்அப்புக்குப் போகும். அப்போது, குழுவிலிருந்து வெளியேறிச் செய்திகளை அழிக்கும் பெட்டியில் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

அடுத்து மத்திய அரசின் தேசிய சைபர் குற்றப் புகார் தளம். பெண்கள், குழந்தைகள் பிரிவில் பெயர் சொல்லாமலும் புகார் தரலாம். ஆனால் அதன் நிலவரத்தைப் பின்தொடர முடியாது. பெயர் கொடுத்துச் செய்வதே நல்லது. எந்த போனில், எந்தச் செயலியில், யாரிடமிருந்து வந்தது என்பதைக் கட்டாயம் எழுதுங்கள். உள்ளூர்க் காவல் நிலையத்திலும் கொடுக்கலாம். போனை எப்போது சுத்தம் செய்யலாம் என்று அவர்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள். கேலரியிலும் பேக்கப்பிலும் பிரதி இருக்கும், மறக்க வேண்டாம்.

சந்தேகம் பற்றிய பயம் வேண்டாம். நல்லெண்ணத்தில் தகவல் தருபவர் மீது சிவில், கிரிமினல் நடவடிக்கை கிடையாது என்கிறது குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவு. தெரிந்தும் சொல்லாமல் இருந்தால்தான் 6 மாதம் வரை சிறை. கோபத்தில் பகிர்ந்தாலும் பகிர்வுதான். இத்தகைய வீடியோவைத் தனியாகப் பார்ப்பது குற்றமில்லை என்ற சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பையும் 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. அதைக் குழு அட்மினிடமும் சொல்லுங்கள்.

குழந்தை யாரென்று தெரிந்தாலோ, யூனிஃபார்மோ தெருவோ பழக்கமாகத் தோன்றினாலோ, குழுவில் ஒரு வார்த்தை எழுதாதீர்கள். உடனே குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழையுங்கள். போலீஸ் 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவுக்குத் தெரிவித்தாக வேண்டும். சிறுமியிடம் வாக்குமூலம் வாங்கும் அதிகாரி சீருடையில் வரக்கூடாது. அவள் வீட்டிலோ அவள் விரும்பும் இடத்திலோதான் விசாரிக்க வேண்டும்.