ஸ்பீக்கர் முதலில், பெட்டி அப்புறம்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: ஆறரை இன்ச் ஊஃபர் (பேஸ் என்ற கனத்த ஒலிக்கான ஸ்பீக்கர்), ஒரு இன்ச் ட்வீட்டர் (மெல்லிய உச்ச ஒலிக்கான சின்ன ஸ்பீக்கர்) வைத்து வீட்டிலேயே ஒரு ஜோடி ஹைஃபை பெட்டி செய்ய ஆசை. எங்களுக்கு அலமாரி செய்து கொடுத்த ஆசாரி, "அளவு மட்டும் சொல்லுங்க தம்பி, ரெண்டு நாள்ல முடிச்சிடலாம்" என்கிறார். என்ன அளவு சொல்வது? (வாசகர், காட்பாடி)

பதில்: ஊஃபர் வாங்கியாயிற்றா? இல்லையென்றால் ஆசாரியைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். ஆறரை இன்ச் என்பது ஊஃபரின் வாய் அகலம் மட்டும்தான். அதே அகலத்தில் ஒரு ஊஃபருக்கு 8 லிட்டர் பெட்டி போதும், இன்னொன்று 30 லிட்டர் கேட்கும். எது எவ்வளவு கேட்கும் என்பதை தயாரிப்பாளர் தரும் டேட்டா ஷீட்டில் உள்ள எஃப்எஸ் (கூம்பு இயல்பாக அதிரும் ஹெர்ட்ஸ்), க்யூடிஎஸ் (அந்த அதிர்வு எவ்வளவு சீக்கிரம் அடங்கும்), விஏஎஸ் (கூம்பின் விறைப்புக்குச் சமமான காற்றின் அளவு) என்ற மூன்று எண்கள்தான் சொல்லும். ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் 1961-ல் வெளியிட்டு, ரிச்சர்ட் ஸ்மால் 1970-களில் விரிவாக்கிய கணக்கு இது. டேட்டா ஷீட் இல்லாத ஊஃபர் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். அதற்குப் பெட்டி செய்வது கண்ணைக் கட்டிக்கொண்டு செய்வதுதான்.

ஒரு உதாரணம் போட்டுப் பார்ப்போம். விஏஎஸ் 25 லிட்டர், க்யூடிஎஸ் 0.4. பெட்டிக்குள் போனதும் இந்த க்யூ எண் ஏறும்; ஓட்டை இல்லாத மூடிய பெட்டியில் நாம் எட்ட நினைப்பது 0.7. இந்த 0.7-ஐ 0.4-ஆல் வகுத்து, விடையை அதனாலேயே பெருக்கி, ஒன்றைக் கழித்தால் 2.06 வரும். 25-ஐ அதனால் வகுத்தால் சுமார் 12 லிட்டர். ஊஃபரின் காந்தம், கிராஸ்ஓவர் (ஒலியை ஊஃபருக்கும் ட்வீட்டருக்கும் பிரித்துக் கொடுக்கும் சர்க்யூட்), உள்ளே கொடுக்கும் குறுக்குக்கட்டை எல்லாம் சேர்ந்து ஒரு லிட்டரைப் பிடித்துக்கொள்ளும். ஆக 13 லிட்டர். 18, 22, 33 சென்டிமீட்டர் என்று வைத்தால் சரியாக இருக்கும்.

இது உள் அளவு. இங்கேதான் பலருக்கும் சறுக்குகிறது. அலமாரி செய்பவருக்கு வெளி அளவுதான் பழக்கம். 18 மி.மீ. பலகையில் இதையே வெளி அளவாக எடுத்து அறுத்துவிட்டால், உள்ளே மிஞ்சுவது 8 லிட்டர்கூட இல்லை. 0.7 இருக்க வேண்டியது 0.86 ஆகிவிடும். ஆழமான பேஸ் குறைந்து, அதற்குச் சற்று மேலே உள்ள சத்தம் மட்டும் உப்பிக்கொண்டு கேட்கும். அதனால் வெளி அளவு 21.6, 25.6, 36.6 சென்டிமீட்டர் என்று தாளில் படம் போட்டுக் கையில் கொடுங்கள்.

இன்னொன்று. அலமாரியில் மூட்டு நூலளவு விலகினால் யாருக்கும் தெரியாது. இங்கே அந்த இடுக்கில் காற்று சீறும். எல்லா மூட்டுக்கும் உள்பக்கம் விரலால் ஃபெவிகால் இழுத்துவிடச் சொல்லுங்கள். ஊஃபர் உட்காரும் விளிம்பில் மெல்லிய ஃபோம் டேப் ஒட்டுங்கள். எல்லாம் மாட்டியபின் ஊஃபரின் கூம்பை விரல்களால் மெதுவாக உள்ளே அழுத்தி விடுங்கள். தயங்கித் தயங்கி வெளியே வந்தால் பெட்டி இறுக்கமாக இருக்கிறது. சட்டென்று திரும்பினால் எங்கோ கசிகிறது.

ஓட்டை போட்டு பிவிசி குழாய் வைத்த போர்ட் பெட்டியில் பேஸ் இன்னும் கீழே இறங்கும், உண்மைதான். ஆனால் குழாயின் நீளம் கொஞ்சம் தப்பினாலும் காதில் தெரிந்துவிடும். முதல் ஜோடி மூடியதாகவே இருக்கட்டும்.

கேள்வி: பழைய வீட்டை இடித்தபோது எடுத்து வைத்த தேக்குக் கதவுகள் இருக்கின்றன. எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை), ப்ளைவுட் எல்லாம் எதற்கு, தேக்கிலேயே செய்தால் சத்தம் இனிமையாக இருக்காதா? (ஓய்வுபெற்ற ஆசிரியர், ஆற்காடு)

பதில்: ஐயா, வீணைக் குடம் பாட வேண்டும், ஸ்பீக்கர் பெட்டி வாயைத் திறக்கவே கூடாது. பலகை அதிர்ந்தால் அது பாட்டில் இல்லாத சத்தம். தேக்கு நல்ல மரம்தான், ஆனால் எந்த முழு மரமும் பருவத்துக்கு ஏற்ப ஏறி இறங்கும். நம் வட ஆற்காட்டு மே மாத வெயிலில் 40 டிகிரியைத் தாண்டிக் காய்ந்து, ஐப்பசி மழையில் ஈரம் குடித்தால், அகலப் பலகையின் மூட்டு ஒருநாள் விடத்தான் செய்யும். கதவை வெளிச் சட்டமாகவோ ஸ்டாண்டாகவோ பயன்படுத்துங்கள், அழகாக இருக்கும்.

பெட்டிக்கு 18 மி.மீ. எம்டிஎஃப் போதும். எல்லா இடத்திலும் ஒரே அடர்த்தி, உள்ளே பொத்தல் இருக்காது. தண்ணீர்தான் அதற்கு எமன்; வெட்டிய ஓரத்தில் ஈரம் பட்டால் உப்பிவிடும், அதனால் ஓரங்களுக்கு இரண்டு கோட் சீலர் அவசியம். ப்ளைவுட்தான் வேண்டும் என்றால் ஐஎஸ் 710 முத்திரை உள்ள பிடபிள்யூபி (தண்ணீர் தாங்கும்) ரகம் பாருங்கள். மலிவான கமர்ஷியல் ப்ளையில் நடு அடுக்கில் இடைவெளி இருந்தால் பேஸ் வரும்போது அந்த இடம் கிறுகிறுக்கும். வாங்கும் முன் முட்டியால் தட்டிக்கொண்டே போங்கள், பொள்ளலான இடம் காதுக்குத் தெரியும்.

கடைக்காரர் முழு ஷீட்டாகத்தான் எடுக்க வேண்டும் என்பார். மேலே சொன்ன அளவில் ஒரு ஜோடிக்குச் சுமார் 10 சதுர அடிதான் ஆகும். எட்டுக்கு நாலு ஷீட் 32 சதுர அடி, எடையும் கிட்டத்தட்ட 40 கிலோ. சத்துவாச்சாரி, காட்பாடி பக்கம் மாடுலர் கிச்சன் வேலை செய்பவர்களிடம் மிச்சத் துண்டு இருக்கிறதா என்று கேளுங்கள். மெஷினிலேயே நேராக அறுத்தும் வாங்கிவிடலாம். எம்டிஎஃப் தூள் நெஞ்சுக்கு நல்லதல்ல. மாஸ்க் போட்டு, வெளியில் வைத்து அறுக்க வேண்டும்.

கேள்வி: ஊஃபரும் ட்வீட்டரும் ஆன்லைனில் வாங்கிவிட்டேன். ரெடிமேட் கிராஸ்ஓவர் போர்டு சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. போதுமா? (கல்லூரி மாணவர், குடியாத்தம்)

பதில்: சத்தம் வரும், ஹைஃபை வராது. எளிய கணக்கு ஒன்று: 8 ஓம் ட்வீட்டரை 3000 ஹெர்ட்ஸில் பிரிக்க சுமார் 6.6 மைக்ரோஃபாரட் கண்டென்ஸர் வேண்டும். அதே கண்டென்ஸரில் 4 ஓம் ட்வீட்டரை மாட்டினால் பிரியும் இடம் 6000-க்குப் போய்விடும். ஊஃபர் 3000-லேயே விலகியிருக்க, நடுவில் ஒரு பள்ளம் விழும். பாடகியின் குரல் பின்வாங்கி நிற்கும். பொது போர்டுக்கு உங்கள் ட்வீட்டர் என்ன ஓம், அது ஊஃபரைவிட எவ்வளவு சத்தம் என்பதெல்லாம் தெரியாது.

முதல்முறை செய்பவருக்கு என் யோசனை வேறு. அளந்து, கேட்டு, முழு வரைபடத்தோடு வெளியான டிசைன்கள் இணையத்தில் நிறைய இருக்கின்றன. அதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதில் சொன்ன அதே மாடல் ஊஃபர், ட்வீட்டர், காயில், கண்டென்ஸரை வாங்குங்கள். முன்பலகையின் அகலத்தைக்கூட மாற்றாதீர்கள், கிராஸ்ஓவர் அந்த அகலத்துக்கும் சேர்த்துத்தான் போட்டது. வாங்கியதைத் திருப்பிக் கொடுக்க இன்னும் நாள் இருந்தால் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: 5000 வாட்ஸ் பிஎம்பிஓ (கண நேர உச்ச சக்தி என்று விளம்பரத்தில் போடும் எண்) என்று போட்ட செட் வாங்கலாமா? (வாசகி, வாணியம்பாடி)

பதில்: அம்மா, உங்கள் வீட்டு 6 ஆம்பியர் பிளக்கில் 230 வோல்ட்டுக்கு அதிகபட்சம் 1380 வாட்ஸ்தான் இழுக்க முடியும். 5000 எங்கிருந்து வரும்? ஆர்எம்எஸ் வாட்ஸ், அதாவது தொடர்ந்து கொடுக்கும் சக்தி, எவ்வளவு என்று கேளுங்கள். சொல்லத் தெரியவில்லை என்றால் அடுத்த கடை.

கேள்வி: சென்னை ரிச்சி தெருவில் வாங்கி வந்த இரண்டு ஊஃபரில் ஒன்று கரகரக்கிறது. கேட்டால் பில்லில் அச்சிட்ட "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்ற வரியைக் காட்டுகிறார்கள். (வாசகர், ராணிப்பேட்டை)

பதில்: அந்த வரி செல்லாது. பழுதான பொருளை, பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி முறையற்ற வணிகம். பில் கொடுக்காமல் இருப்பதும் அப்படித்தான். முதலில் எழுத்தில் கேளுங்கள், வாட்ஸ்அப் போதும். அப்புறம் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் மசியாவிட்டால் நுகர்வோர் ஆணையம். சென்னைக்கு அலைய வேண்டாம், நீங்கள் வசிக்கும் மாவட்டத்துக்கான ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு.

ஆனால் அந்த ஊஃபரில் சோல்டரிங் வைத்துவிட்டீர்களா? வைத்திருந்தால், "நீங்கள்தான் கெடுத்தீர்கள்" என்று வாதாடுவார்கள். அடுத்த முறை கடையிலேயே பாருங்கள். கூம்பை இரண்டு கைக் கட்டைவிரலாலும் சமமாக அழுத்தினால் உரசல் சத்தம் வரக்கூடாது. மல்டிமீட்டரில் 8 ஓம் ஊஃபர் 6 ஓம் பக்கம் காட்டும். ஒன்றரை வோல்ட் பேட்டரியின் பிளஸை ஊஃபரின் பிளஸிலும், மைனஸை மைனஸிலும் ஒரு நொடி தொட்டால் கூம்பு முன்னே வர வேண்டும், இரண்டிலும் ஒரே மாதிரி. வீட்டுக்கு வந்தபிறகும் முதலில் க்ளிப் வயர் மாட்டி ஓரிரு நாள் பாட விட்டுப் பார்த்துவிட்டு, அப்புறம் சோல்டரிங் வையுங்கள்.