கண்ணை மூடினால் மனம் இன்னும் கனக்கிறதே, டாக்டர்?

கேள்வி: எனக்கு வயது 26. குரூப் 2 தேர்வு எழுதி வருகிறேன். ஒருமுறை முதல்நிலைத் தேர்வில் தேறினேன். முதன்மைத் தேர்வில் போய்விட்டது. 'நான் எதற்கும் லாயக்கில்லை' என்ற நினைப்பு விடுவதில்லை. கல்யாண வீடுகளுக்குப் போவதையே நிறுத்திவிட்டேன். தியானம் செய்து பார்த்தேன். கண்ணை மூடினால் அந்த நினைப்புதான் பெரிதாகிறது. யோகா, மூச்சுப்பயிற்சி, தியானம் மூன்றையும் சேர்த்துச் செய்யலாமா?

பதில்: தாராளமாகச் செய்யலாம், தம்பி. ஆனால் தியானத்தைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். தன்னையே குறை சொல்லிப் பழகிய மனம், சும்மா உட்கார்ந்தால் அதே பல்லவியைத்தான் உரக்கப் பாடும். பலருக்கும் இப்படித்தான் ஆகிறது. இதையும் ஒரு தோல்வியாகக் கணக்கில் சேர்த்துவிடாதீர்கள்.

முதலில் உடம்பு அசையட்டும். வாரத்தில் 5 நாள், அரை மணி நேரம் வேகமாக நடந்தாலே உலக சுகாதார நிறுவனம் சொல்லும் 150 நிமிடம் வந்துவிடும். கூடவே நான்கு சூரிய நமஸ்காரம். பழகியதும் ஆறாக்குங்கள். 'என்னால் முடியும்' என்று நூறு முறை சொன்னாலும் நம்பாத மனம், செய்து முடித்ததை நம்பும்.

பிறகு 5 நிமிடம் மூச்சு. மூக்கு வழியாக 4 எண்ணும்வரை இழுத்து, 6 எண்ணும்வரை மெதுவாக விடுங்கள். அடக்க வேண்டாம். வெளிமூச்சு நீளும்போது, மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பு இதயத்துடிப்பைத் தணிக்கும். தலை சுற்றினால் நிறுத்திவிடுங்கள்.

படபடப்பு குறைந்தாலும் உங்களைப் பற்றி நீங்களே எழுதிவைத்த தீர்ப்பு அப்படியேதான் இருக்கும். அதற்கு ஒரு நோட்டு வேண்டும். மூச்சுப்பயிற்சி முடிந்த கையோடு 'லாயக்கில்லை' என்று எழுதி, அதன் கீழே நடந்ததை மட்டும் எழுதுங்கள். முதல்நிலைத் தேர்வில் தேறியதை எனக்கு எழுதும்போதுகூட அரை வரியில் தாண்டிப் போய்விட்டீர்கள். உங்கள் நண்பன் அதைச் செய்திருந்தால் அவனிடம் என்ன சொல்லியிருப்பீர்கள்? அந்த வார்த்தைகளை அப்படியே உங்களுக்கு எழுதுங்கள். என்னைக் கேட்டால், மற்ற எல்லாவற்றையும்விட இதைத்தான் விடக்கூடாது என்பேன்.

சில வாரம் கழித்துத் தியானம். அதுவும் கண்ணைத் திறந்துகொண்டு, பாதத்திலிருந்து தலைவரை ஒவ்வோர் உறுப்பாகக் கவனித்தால் போதும். 1979இல் அமெரிக்காவில் ஜான் கபாட்-ஜின் என்பவர் மன அழுத்தம் குறையத் தொடங்கிய 8 வாரத் தியானப் பயிற்சியிலும் இந்த உடல் கவனிப்புதான் முதலில் வரும்.

அடுத்த முகூர்த்தத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள். யாராவது 'என்ன பண்றே?' என்றால் 'படிச்சிட்டிருக்கேன்' என்பதே முழுப்பதில்.

தூக்கமும் பசியும் கெட்டு, எதிலும் நாட்டமில்லாமல் இரண்டு வாரத்துக்கு மேல் போனால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். மனநல மருத்துவரைப் பாருங்கள். தைராய்டு, ஹீமோகுளோபின், பி12 அளவுகளையும் பார்த்துவிடுவது நல்லது. செத்துவிடலாம் என்ற எண்ணம் தலைகாட்டினால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டு, 14416 என்ற அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணை அழையுங்கள். இரவிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது.